கேட்டால்தான் பதக்கம்

சென்ற வாரம் அலெக்சாண்டர் ரீடின் நிலவரித் திட்டத்தைப் பார்த்தோம். கலெக்டராக வந்த ரீட் பட்டாளத்துக்காரர். அந்தப் பக்கத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். என்னை நெடுநாளாக உறுத்தும் கேள்வி ஒன்று அதில் இருக்கிறது. போரில் நின்றவர், நான் நின்றேன் என்று மனுப் போட்டுக் கேட்கவேண்டிய நிலை எப்படி வந்தது?

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சமவெளியையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். ரீட் தலைமையில் மூன்று துணை அதிகாரிகள் வந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாம், தர்மபுரிப் பக்கம் தாமஸ் மன்றோ, தெற்கே சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் மக்லியாட். 1799ல் கடைசி மைசூர்ப் போர் மூண்டதும் ரீட் வரிக்கணக்கை மூடிவைத்துவிட்டுப் படையோடு கிளம்பினார். மன்றோவும் உடன் போனார்.

அந்தப் படைக்கு எல்லை ஓரத்துக் கோட்டைகளைப் பிடிக்கும் வேலை இருந்தது. அதைவிடப் பெரிய வேலை அரிசி. சீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்து நின்ற ஜெனரல் ஹாரிஸ், ஏப்ரல் நடுவில் இருப்பைப் பார்த்தபோது அரைப்படி அளந்தாலும் சில வாரங்களுக்குமேல் தாங்காது என்று தெரிந்தது. பாராமகாலில் திரட்டிய தானியத்தை லம்பாடிகளின் பொதிமாடுகளில் ஏற்றி, இன்றைய மேட்டூருக்கு அருகே இருக்கும் காவேரிபுரத்தின் கணவாய் வழியாக மேலேற்ற வேண்டும். அதற்குக் காவலாக வர ஜெனரல் ஃபிளாய்டு குதிரைப்படையோடு அனுப்பப்பட்டார். தானியம் போய்ச் சேர்வதற்குள், மே 4ஆம் தேதி, கோட்டை விழுந்துவிட்டது. சுவர் ஏறியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் நிறைய இருக்கின்றன. கணவாயில் மாடு ஓட்டியவர்கள், அவர்களுக்குக் காவலாக நடந்த சிப்பாய்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வெற்றிக்குக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே, மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் தயாரானது. ஒரு பக்கம் கோட்டைத் தாக்குதல், மறுபக்கம் புலியை அழுத்திக் கிடத்தும் சிங்கம். அந்தச் சிங்கத்துக்கு மேலே, வெல்லும் இறைச் சிங்கம் என்று பொருள்படும் அரபு எழுத்து. திப்பு தன் ஆயுதங்களிலும் கொடிகளிலும் போற்றிப் பொறித்த தொடர் அது. தோற்றவரின் நம்பிக்கையையே எடுத்து அவரை வென்றதற்கான அடையாளமாக அடித்திருக்கிறார்கள். அதை இன்று பார்த்தாலும் மனம் ஒப்பவில்லை.

பதக்கம் ஒன்று, உலோகம் ஐந்து. பெரிய தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த நிலையினருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. அதற்கும் கீழுள்ள அதிகாரிகளுக்கு வெள்ளி. பிறகு வெண்கலம். கடைசி வரிசையில் நின்ற சிப்பாய்க்கும் சாதாரண வெள்ளைக்காரப் படைவீரனுக்கும் வெள்ளீயம். கைக்கு வந்துசேர ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. மாட்டிக்கொள்ள வளையமோ பட்டியோ இல்லாமல் வந்தது, அவரவர் செலவில் பொருத்திக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஈயத் துண்டுக்காக எந்தச் சிப்பாயும் மனு எழுதவில்லை. படைப்பட்டியலில் பெயர் இருந்தது, பதக்கம் வந்தது.

அடுத்து வந்த பல போர்களில் அதுவும் நின்றுபோனது.

1803 செப்டம்பர் 23. தக்காணத்தில் அசாயே என்ற ஊரில் மராட்டியப் படையை எதிர்த்து ஆர்தர் வெல்லெஸ்லி நடத்திய போர். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆனவர் அவரே. அவர் பக்கம் நின்ற காலாட்படையில் இரண்டு ஸ்காட்லாந்துப் படைகள் போக, ஐந்து சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்கள் இருந்தன. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று கலந்த படை. அன்று ஒரு நாளில் அவர் படையில் செத்தவரும் காயம்பட்டவருமாக 1,500 பேருக்கு மேல். 1817 டிசம்பரில் மஹித்பூர், 1824 முதல் 1826 வரை பர்மா. வங்காளச் சிப்பாய்கள் பர்மாவுக்குப் போக மறுத்துப் பாரக்பூரில் கலகம் செய்த காலத்தில், சென்னைச் சிப்பாய்கள் கப்பலேறி ரங்கூன் போனார்கள். அங்கே குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் மிக அதிகம்.

இவற்றில் பர்மாப் போருக்கு மட்டும் கம்பெனி தன் சிப்பாய்களுக்கு ஒரு பதக்கம் தந்தது; அசாயேக்கும் மஹித்பூருக்கும் அப்போது சிப்பாய்க்குப் பொதுப் பதக்கம் கிடையாது. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட கிழவர்கள் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் கேட்டு, ரிச்மண்ட் பிரபு நாடாளுமன்றத்தில் வாதாடி, 1847ல் அவர்களுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. இந்தியாவில் போரிட்டவர்களுக்கு 1851ல்தான் வழி பிறந்தது. 1803 முதல் 1826 வரையிலான போர்களுக்கு இந்தியப் படைப் பதக்கம். செலவு கம்பெனியுடையது. பதக்கத்தின் அடியில் 1799 முதல் 1826 வரை என்று ஆண்டு பொறித்துவிட்டு, 1799க்கு ஒரு போரையும் சேர்க்கவில்லை. சீரங்கப்பட்டணத்துக்குத்தான் ஏற்கெனவே ஈயம் கொடுத்தாயிற்றே!

நிபந்தனை: உயிரோடு இருப்பவர் விண்ணப்பிக்க வேண்டும். செத்தவரின் மனைவி மக்கள் கேட்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அசாயேயில் 18 வயதில் நின்றவருக்கு 1851ல் 66 வயது. அவர் பென்ஷனோடு ஊர் திரும்பி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ராசிபுரம் பக்கமோ பரமத்திப் பக்கமோ ஒரு கிராமத்தில் இருக்கும் அப்படி ஒருவருக்கு, லண்டனில் வந்த உத்தரவை யார் போய்ச் சொல்வது? சொன்னாலும் யார் எழுதிக்கொடுப்பது? எந்தப் பட்டாளம், அதில் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அவர் பட்டாளத்துக்கு இடையில் எண் மாறியிருக்கும். ஆனால் மாதந்தோறும் சம்பளம் கொடுத்த சர்க்காரிடம் அந்தப் பட்டியல் முழுதாக இருந்தது. தேடவேண்டியவர்கள் அவர்கள். தேடும் சுமையை எழுதப்படிக்கத் தெரியாத கிழவரின் தலையில் ஏற்றினார்கள். வழங்கப்பட்ட பதக்கங்கள் மொத்தம் ஏறத்தாழ 4,500. அந்தப் போர்களில் இந்தியச் சிப்பாய்களே பெரும்பான்மை, பதக்கம் பெற்றவர்களில் ஐரோப்பியர்களே பெரும்பான்மை. பர்மாப் போருக்கானவை மட்டும் ஓரளவு அதிகம், அந்தப் போரின் ஆட்கள் இன்னும் சாகாமல் இருந்ததால்.

இன்று சேலம், நாமக்கல் பிள்ளைகள் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் பயிற்சி எடுக்கிறார்கள். அந்தப் படையின் தொப்பியில் இருக்கும் யானை, அசாயே யானை. படைக்குக் கிடைத்த மரியாதை 200 ஆண்டு தாண்டியும் வாழ்கிறது. ஆளுக்குக் கிடைக்கவேண்டியது ஆளோடு போயிற்று.

எதிர்ப்பக்கம் நின்றவர்களின் கதை இன்னும் கடினம். திப்புவுக்காகச் சங்ககிரிக் கோட்டையிலும் நாமக்கல் மலைக்கோட்டையிலும் காவல் நின்றவர்களும் இதே மண்ணின் மனிதர்கள். அவர்கள் கேட்பதற்கு ஒரு சர்க்கார்கூட மிஞ்சவில்லை.

தோற்ற பக்கத்தில் நின்றவர் பிறகு கேட்க முடிந்த ஒரே தருணம், எனக்குத் தெரிந்து, இந்திய தேசிய ராணுவத்தாருடையது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்தத் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகத் தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972ல் மத்திய அரசு தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் வழங்கியது, ஓய்வூதியத் திட்டமும் கொண்டுவந்தது. 1980ல் அதை விரிவாக்கியது. விண்ணப்பிக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதச் சிறைக்குச் சான்று வேண்டும். ஆவணம் இல்லையென்றால் உடன் சிறையிருந்தவரின் சான்று வேண்டும். ரங்கூன் சிறையில் பக்கத்தில் படுத்திருந்தவர் 30 ஆண்டு கழித்து எந்த ஊரில் இருக்கிறார் என்று ஒரு தோட்டத் தொழிலாளி எப்படிக் கண்டுபிடிப்பார்? 1851ன் நிபந்தனையே சுதந்திர நாட்டின் காகிதத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நீதிமன்றம் ஓரளவு திருத்தியது. ஹைதராபாத் இயக்கத்தில் சிறை சென்றவர்கள் தொடுத்த முகுந்த்லால் பண்டாரி வழக்கில், 1993ல், காலம் கடந்து வந்தது என்பதற்காகத் தியாகியின் மனுவைத் தள்ளக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். குற்ற வழக்கில் கேட்பதுபோல் ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் கேட்காதீர்கள் என்று 2001ல் குர்தியால் சிங் வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகும் கோப்புகள் மெல்லத்தான் நகர்ந்தன. நேதாஜி படையில் இருந்த ஒரு தமிழர் 1980ல் கொடுத்த மனுவுக்கு, ஓய்வூதியம் வழங்குங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2018ல். அப்போது அவருக்கு வயது 89.

அடுத்த வாரம்: சங்ககிரிக் கோட்டை, 1805.

(தொடரும்)