காத்தை முகத்தில வாங்கி வெளிக்கிடு: யாழ்ப்பாணத்துச் சைக்கிள் பாதைகளின் ஒரு சின்ன வரலாறு

போன சோளகக் காலத்தில் ஒரு ஞாயிறு விடிய, நாங்கள் எட்டுப்பேர் யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டோம். பாதை தேடினது ஃபோனில்தான். அது பருத்தித்துறை வீதியைக் காட்டியது, நாங்களும் அதையே பிடித்தோம். போகும்போது சுகம். முப்பத்து மூன்று கிலோமீற்றர் அளவான தூரம் உழக்கினதே தெரியவில்லை. திரும்பும்போதுதான் விஷயம் விளங்கியது. வல்லைவெளியில் காற்று முகத்தில் அறைந்தது. இரண்டுபேர் இறங்கி உருட்டினார்கள். பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்தே எங்களை மதகுக் கரைக்கு ஒதுக்கினார்.

ஆவரங்காலில் ஒரு சைக்கிள் கடையில் ஒட்டுப்போட நின்றோம். கடைக்கார ஐயா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"சோளகத்துக்கை ஆரப்பா காத்தை முதுகில வைச்சு வெளிக்கிடுறது? வெளிக்கிடேக்கை முகத்தில அடிக்கோணும் தம்பி. அப்பதான் களைச்சுத் திரும்பேக்கை அது தள்ளிவிடும்."

பிறகு இன்னொன்றும் கேட்டார். "உங்கட வீட்டில அப்பா அம்மா சைக்கிள் ஓடேல்லையோ? அவையிட்டக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. அன்றைக்குப் பிறகுதான் வீட்டில் கேட்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அதில் இருந்து வந்தது.

சமதரை, காற்று, கரியர்

இரண்டு சில்லும் ஒரே அளவான இன்றைய சைக்கிளின் மூதாதை 1885இல் இங்கிலாந்தில் வந்தது. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு சைக்கிள் போகாத நாடில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. இங்கே மலை இல்லை, ஏற்றம் இல்லை. எங்களுக்கு மலை எண்டால் காற்றுத்தான். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கில் இருந்து சோளகம், மாரியில் வடகிழக்கில் இருந்து வாடை.

ரலி, பிறகு லுமாலா எண்டு சைக்கிள்கள் வீட்டுக்கு வீடு வந்தன. தபால்காரர், வாத்தியார், கரியரில் பெட்டி கட்டின மீன்காரர், முட்டி தூக்கின சீவல் தொழிலாளி எல்லாருக்கும் அதுதான் வாகனம். 'துவிச்சக்கரவண்டி' எண்டு எழுதி உள்ளூராட்சிச் சபைகள் அதற்கு லைசன்சும் கொடுத்தன. சும்மா ஊர்சுற்ற ஓடினவர்கள் குறைவு. ஆனால் எந்த ஒழுங்கை எந்த வீதியில் மிதக்கும், எந்த முடக்கில் நாய் கலைக்கும் எண்டு எல்லாருடைய மண்டைக்குள்ளும் ஒரு படம் இருந்தது.

பாதை தேடினது பொழுதுபோக்குக்கு இல்லை

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபோது அந்தப் படம் உயிர் காக்கிற பொருளாக மாறியது. பெற்றோல் இல்லை. மோட்டார்சைக்கிளை நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய்க்கும் விலை யானைவிலை. மிச்சப்பேர் உழக்கினார்கள். பற்றறி வராததால் சைக்கிளைத் தலைகீழாக வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். செய்தி முடியும்வரைக்கும் ஒருத்தர் சுற்றிக்கொண்டே இருக்கவேணும்.

"நல்ல றூட் எண்டா எது?" எண்டு அம்மாமாரிடம் கேட்டோம். தார் நல்லா இருக்கவேணும் எண்டு ஒருவரும் சொல்லவில்லை. மரநிழல் இருக்கவேணும் எண்டார்கள். வெயிலுக்காக இல்லை, மேலே ஹெலி வந்தால் மறைய. ஓடி விழ வேலிக்கரை வேணும். சந்திகளைத் தொடாமல் ஒழுங்கைக்குள்ளால் போகவேணும்.

ஆனையிறவுப் பாதை பூட்டின காலத்தில் வன்னிக்குப் போக முதலில் கொம்படி – ஊரியான், பிறகு கிளாலி. கொம்படியில் தண்ணிக்கும் சேற்றுக்கும் நடுவே சைக்கிளை உருட்டியும் தூக்கியும் போனார்கள். கிளாலியில் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றி, இருட்டில் கடனீரேரியைக் கடந்தார்கள். தீவகத்துக்கான பண்ணைப் பாதையும் பல வருஷம் பூட்டிக் கிடந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. கரியரில் உடுப்பு மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் பானை. நாவற்குழிப் பாலத்தடியில் சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை எண்டு அந்த இரவைக் கண்ட எல்லாரும் சொல்லுகிறார்கள்.

கூட்டமாக ஓடினது ஏன்?

'குறூப் றைட்' எண்டு நாங்கள் இப்போது சொல்லுவதை ஏதோ புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தோம். 1996க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் படித்த பெண்பிள்ளைகளிடம் கேளுங்கள். ரியூசன் விட்டால் ஐந்தாறு பேர் சேர்ந்துதான் வருவார்கள். சென்றிக்கு முன்னால் எல்லாரும் இறங்கவேணும், உருட்டவேணும், அடையாள அட்டை காட்டவேணும், தாண்டின பிறகுதான் ஏறலாம். ஒருத்தியை மறித்தால் மற்றவை நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் விதி. ஒருத்தரையும் தனிய விட்டுவிட்டு வரக்கூடாது.

அந்த விதி ஏன் வந்தது எண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பின மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி இராணுவக் காவலரணில் மறிக்கப்பட்டார். வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். உடல்கள் செம்மணியில் தோண்டி எடுக்கப்பட்டன. 1998இல் படையினர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கைதடிக்கு உழக்குகிற பலர் அந்த வெளியைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இப்போது எங்கே ஓடலாம்?

2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் பூட்டினது, யுத்தம் முடிந்தபிறகு மறுபடி திறந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்து பூநகரிப் பக்கமும் வழி பிறந்தது. வீதி அகலமானது, லீசிங்கில் மோட்டார்சைக்கிள் வந்தது, சைக்கிள் கோடிக்குள் போனது. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது திரும்பவும் தூசி தட்டினோம். எங்களில் பாதிப்பேர் சைக்கிள் ஓடத் தொடங்கினது அப்போதுதான்.

பெரியாக்கள் சொன்னதையும் நாங்கள் ஓடிப் பார்த்ததையும் வைத்து மூன்று பாதைகள்:

சோளகத்தில் தீவகம். பண்ணை, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். ஒருபக்கம் முப்பது கிலோமீற்றர் அளவு. விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் எதிர்காற்று இன்னும் முழுசாக எழும்பியிருக்காது. திரும்பும்போது அதே காற்றுப் பண்ணைவரைக்கும் தள்ளிக்கொண்டு வரும். நிழலும் குறைவு, நல்ல தண்ணியும் குறைவு. ஆளுக்கு இரண்டு போத்தல் கட்டாயம்.

வாடையில் வடமராட்சி. பருத்தித்துறை வீதியை விட்டு, கோப்பாயில் இராச வீதிக்கு ஏறுங்கள். இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம், வாகனம் குறைவு. நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றடியில் இளைப்பாறி, அச்சுவேலி, தொண்டைமானாறு, பிறகு கடற்கரையோடு வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. ஆவரங்கால் ஐயா சொன்ன வழி இதுதான்.

காற்று அடங்கின நாட்களில் காரைநகர். காக்கைதீவு, அராலி, வட்டுக்கோட்டை, பொன்னாலைப் பாலம், கசூரினா. மாரியில் கடனீரேரியில் பறவைகள் நிற்கும். காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்குப் 'பாதை'யில் சைக்கிளை ஏற்றிக் கடந்து வேலணையால் திரும்பலாம். அது ஓடுதோ எண்டு முதல்நாளே கேட்டு வையுங்கள்.

நாலாவது பாதை ஒன்றும் இருக்கிறது, முழுசாகச் சொல்ல முடியாது. 1990இல் சனம் எழும்பின வலிகாமம் வடக்கு. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்களிடம் திரும்பியது. சில வீதிகள் திறந்திருக்கின்றன, சில இடத்தில் ஃபோன் காட்டுகிற கோடு முள்ளுக்கம்பியில் முடிகிறது. அந்த இடத்தில் நின்று திரும்புவதும் ஒரு பாடம்தான்.

எட்டுப்பேரும் பொடியள்

ஒரு விஷயம் எங்களைக் குடைகிறது. அந்த முதல் பயணத்தில் போன எட்டுப்பேரும் பொடியள். ஆனால் வீட்டில் கேட்டுப் பார்த்தால், எங்கட அப்பாமாரை விட அம்மாமார்தான் கூடத் தூரம் உழக்கியிருக்கிறார்கள். சேலையோடு பள்ளிக்கூடம் போன ரீச்சர்மார், கரியரில் நோயாளியை ஏற்றின அக்காமார், பிள்ளையைப் பாரில் வைத்து இடம்பெயர்ந்த தாய்மார். ஷெல்லுக்கு நடுவே ஓடினவர்களின் மகள்மாருக்கு, ஞாயிற்றுக்கிழமை விடிய ஓடுவதற்கு "தனியவோ?", "ஆரோடை?", "சனம் என்ன சொல்லும்?" எண்டு கேள்வி. அந்தக் கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் கூப்பிடாமல் விட்டது எங்கட பிழை.

இப்போது பதினைந்து பேராகிவிட்டோம், ஆறுபேர் பெண்கள். கியர் சைக்கிளும் வரும், துருப்பிடித்த லுமாலாவும் வரும். ஓட்டத்தின் வேகத்தைப் பின்னால் வருகிறவர்தான் தீர்மானிப்பார். ஒருத்தருக்குக் காற்றுப் போனால் எல்லாரும் நிற்கவேணும். ஒருத்தரையும் தனிய விட்டுவிட்டு வரக்கூடாது. இந்தக் கடைசி விதியை நாங்கள் எழுதவில்லை. ரியூசன் விட்டு வந்த அக்காமாரிடம் இருந்து வாங்கினது.

உங்கட ஊரிலும் பாதை தேடுகிறீர்கள் எண்டால், முதலில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ, சந்தியில் ஒட்டுப்போடுகிற ஐயாவிடமோ கேளுங்கள். அவையின் மண்டைக்குள் இருக்கிற படத்தை ஒருவரும் வரைந்து வைக்கவில்லை. அவை சொல்லுகிற ஒழுங்கைகளில் ஓடிப்பாருங்கள், பெயர்களை எழுதி வையுங்கள். காற்று எந்தப் பக்கம் எண்டு பார்த்து வெளிக்கிடுங்கள்.