பகுதி சேதம், முழு சேதம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது 2018 நவம்பர் மாத நாளிதழ்க் கட்டு ஒன்று கிடைத்தது. நான் ஓய்வு பெற்ற மறு வருடம். கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்து, விடிவதற்குள் நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. அந்தத் தாள்களை இப்போது நிதானமாகப் படித்தபோது, நடந்ததைவிட அது எழுதப்பட்ட விதம்தான் என்னை உட்கார வைத்தது.

முதல் நாள் தாளில் எங்கு பார்த்தாலும் முன்னெச்சரிக்கைக்குப் பாராட்டு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் அவர்களே அரசைப் பாராட்டினார். புதுக்கோட்டை, ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடெல்லாம் மரம். செய்தி வெளியே போனால்தானே அச்சில் வரும்! இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எண்கள் வர ஆரம்பித்தன. இத்தனை வீடுகள் 'பகுதி சேதம்', இத்தனை 'முழு சேதம்', மரங்கள் 'வேரோடு சாய்ந்தன'.

இந்தச் சொற்களை நிருபர்கள் யோசித்து எழுதியதாகத்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்து, பிறகு தாலுகா நிருபராக இருந்த ஒரு பையன்தான் விளக்கினான். "டீச்சர், வி.ஏ.ஓ. எழுதுறது தாசில்தாருக்குப் போகும், அங்கேருந்து கலெக்டர் ஆபீஸ், அங்கேருந்து பிரஸ் நோட். நாங்க அதைத்தான் போடுறோம்" என்றான். அதாவது இது வருவாய்த் துறையின் தமிழ். நிவாரணப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதற்காக ஏற்பட்ட சொற்கள். ஓட்டு வீடோ காரை வீடோ குறைந்தது 15 சதவீதமாவது பழுதாகியிருந்தால்தான் 'பகுதி சேதம்' என்பது பேரிடர் நிதி விதி. அப்போது குடிசை முழுதாகப் போயிருந்தால் 10,000 ரூபாய், பாதி போயிருந்தால் 4,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். சமையல் கட்டுச் சுவர் மட்டும் விழுந்தவள் எந்தக் கட்டத்தில் வருவாள் என்பதே பெரிய வழக்காக இருந்தது.

பழைய பாடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேதம் என்ற வடசொல்லுக்கு வெட்டுதல், துண்டித்தல் என்று பொருள். சிரச்சேதம் என்கிறோமே, அதே சேதம்தான். அந்தச் சொல்லின் முன்னால் 'பகுதி' என்று போட்டு எப்படிச் சாதுவாக்கிவிட்டோம் பாருங்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1977 நவம்பர் 12 புயலின்போது நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்தேன். அதிலும் நாகப்பட்டினத்தில் ஏறி நம் பக்கமாகத்தான் வந்தது. 560 பேர் உயிரிழந்தார்கள், மொத்தச் சேதம் 155 கோடி ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. 2018-இல் மாநில அரசு டெல்லியிடம் கேட்டது 15,000 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. டெல்லிக்குப் பணக் கணக்குதான் போக வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோரிக்கை மனுவின் மொழியே செய்தியின் மொழியாகி, கடைசியில் நம் வீட்டுப் பேச்சிலும் வந்துவிடுகிறது. "உங்களுக்கு முழுசா, பகுதியா?" என்று அப்போது பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். கொத்தமங்கலத்தில் நிவாரணம் வரவில்லை என்ற ஆத்திரத்தில் நவம்பர் 17 அன்று அரசு வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். பலரைக் கைது செய்தார்கள். தீ வைத்தது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், என் மாணவர்களுக்கு அது தெரியும். ஆனால் வாக்கியத்தைப் பாருங்கள். ஜீப் எரிந்த செய்தியில் 'பொதுமக்கள்' எழுவாய், 'சேதப்படுத்தினர்' பயனிலை, அடுத்த வரியில் வழக்கு. தென்னந்தோப்புச் செய்தியில் மரம்தான் எழுவாய். அது தானாகவே 'சாய்ந்தது'. புயலை யார் கைது செய்வது என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் விழுந்த மரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தான். அந்த ஆள் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. மூன்றாம் நாள் மறியலில் உட்கார்ந்த பிறகுதான் அவன் செய்திக்குள் வந்தான்.

வடகாடு பக்கம் எங்கள் அண்ணன் தோப்பிலும் கணக்கெடுக்க வந்தார்கள். தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். "ஒரு வருசம் காய் போட்டாலே அறுநூறுக்கு மேல வருமே ஆயி" என்று அண்ணன் என்னிடம் சொன்னதோடு சரி, வந்தவர்களிடம் ஒன்றும் பேசவில்லை. புதிதாக வைத்தால் நாட்டுத் தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அண்ணனுக்கு அப்போது அறுபத்தைந்து வயது.

அண்ணிதான் வேறொரு காரியம் செய்தார்கள். பேரனின் பழைய கணக்கு நோட்டில், விழுந்த மரங்களை அவர்களே எழுதி வைத்தார்கள். 'கிணத்து மேட்டு மரம், மாமா வச்சது. அதுக்கு அடுத்தது இளநி மரம். மூத்தவ பொறந்த வருசம் வச்சது ரெண்டு. வாசப் பலா.' இப்படி நாலு பக்கம். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். எழுத்துப் பிழை நிறைய உண்டு, நான் திருத்தவில்லை.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அண்ணியிடம் கேட்டுக்கொண்டு பக்கங்களைப் போட்டோ எடுத்து அடுத்த பதிவில் போடுகிறேன். கீரமங்கலம், மறமடக்கி, கறம்பக்குடி பக்கத்துப் பிள்ளைகள், உங்கள் வீட்டில் அன்றைக்கு என்னென்ன போனது என்று கீழே எழுதுங்கள். தொகை வேண்டாம், பெயர் போதும்.