அம்மீட்டர் முள் சொன்ன சேதி

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அந்தக் காலத்து புல்லட்டில் ஹெட்லைட் மேலேயே ஒரு சோதனைக் கருவி இருக்கும். அம்மீட்டர்தான்!

லஸ் முனையில் வண்டி நின்னுபோச்சா? மெக்கானிக்கைத் தேட வேண்டாம். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்துவேன். சி.பி. பாயிண்ட் ஒட்டினால் முள் இடப்பக்கம் சாயும், பிரிந்தால் நடுவுக்கு வரும். அசையவே இல்லையென்றால் பேட்டரி, வயர், பாயிண்ட், காயில் இதில் ஒன்று கோளாறு. சாய்ந்தே நின்றால் பாயிண்ட் பிரியல, இல்லேன்னா கண்டென்சர் ஷார்ட். முள் ஒழுங்காக ஆடியும் பொறி வரலையா? பிளக்கைக் கழற்றிப் பாருங்க, அப்புறம் கண்டென்சரை மாத்திப் பாருங்க.

2009-ல் வந்த கிளாசிக்கில் பாயிண்டே கிடையாது. தொல்லை குறைஞ்சது நிஜம்தான். ஆனா நடுரோட்டில் நாமே கண்டுபிடிக்கிற தைரியமும் கூடவே போச்சு.