சைபர் அடித்தால் வெளி லைன்

1970-களில் நான் புதுவையில் எழுத்தராகச் சேர்ந்தபோது எங்கள் பிரிவு டெலிபோனில் எண் தட்டே கிடையாது. ரிசீவரை எடுத்தால் கீழ்த்தளத்து ஆபரேட்டர் அம்மா "நம்பர்?" என்பார். அவரே இணைப்புக் கொடுப்பார். அதிகாரி அறையில் மட்டும் நேரடி லைன். அதன் எண் தட்டில் ஒரு சின்னப் பூட்டு தொங்கும்.

அந்தப் பூட்டால் பெரிய பயன் இல்லை என்பது பியூனுக்குத் தெரியும். எண் தட்டு சுழன்று திரும்பும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கும். மூன்றுக்கு மூன்று துண்டிப்பு, சைபருக்குப் பத்து. ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டினாலும் நடப்பது அதேதான். தாளம் பிசகாமல் தட்டியே அவர் டிரங்க் புக்கிங் வரை பேசிவிடுவார்! ஆபரேட்டர் இல்லாமலே இணைக்கும் யந்திரத்துக்கு 1891-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஸ்ட்ரோஜர், சவ அடக்கத் தொழில் செய்தவர்.

1980-களின் கடைசியில் எங்களுக்கும் மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தது. சைபர் அடித்தால் வெளி லைன், ஒன்பது அடித்தால் ஆபரேட்டர். வந்த அழைப்பை இன்னொருவருக்கு மாற்ற, கொக்கியை ஒரு தட்டுத் தட்டி அவர் எண்ணைச் சுழற்ற வேண்டும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போச்சு, லைன் அறுந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் சைபர் அடித்தால் 'எங்கேஜ்டு' ஒலிதான் வரும். பூட்டு இப்போது யந்திரத்துக்குள் போய்விட்டது.

குறியீட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். பிரெஞ்சில் கணக்குப் படித்த எனக்கு அதில் ஒரு தொல்லை. தொண்ணூற்று நாலை 'காத்ர் வேன் காத்தோர்ஸ்', நாலு இருபதும் பதினாலும் என்றே மனம் சொல்லும். விரல் முதலில் நாலுக்குப் போய்விடும்.

அந்தப் பட்டியலில், நம் அழைப்பை வேறு அறைக்குத் திருப்பிவிடும் குறியீடும் இருந்தது. ஒருநாள் சூப்பிரண்டு பதிவறையில் வேலை பார்க்கப் போனவர், பிரிவு டெலிபோனை அங்கே திருப்பிவிட்டுப் போனார். ரத்து செய்ய மறந்துவிட்டார். மறுநாள் காலை என் அப்பா மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். மணி பூட்டிய பதிவறையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பத்தடி தள்ளி ஊமை டெலிபோன் பக்கத்தில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. யந்திரத்தை நம்பாமல் மாடியேறி வந்து, மூச்சு வாங்க என் பெயரைச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கண் விழித்திருந்தார். "ஏம்ப்பா, ஆபீஸ் போன் கெட்டுப்போச்சா?" என்றார். இல்லை, நன்றாகத்தான் வேலை செய்தது என்றேன்.

மறுநாள் பட்டியலை மறுபடி தட்டச்சு செய்தேன். திருப்பும் குறியீட்டுக்குக் கீழே ரத்து செய்யும் குறியீட்டைச் சிவப்பு ரிப்பனில் அடித்து, பிரிவு பிரிவாகப் போய் நானே ஒட்டிவிட்டு வந்தேன்.