இதயத் துடிப்பும் குடிவழியும்

நோயுற்றவன் வைத்தியசாலைக்குட் புகுங்கால் தனியொருவனாகவே புகுகின்றான். ஆயின், சில நோய்கள் தனியொருவனுக்கு உரியன அல்ல; குடும்பத்துக்கு உரியன. இதயத்தின் துடிப்பொழுங்கைக் குலைத்து, இளம் பருவத்திலேயே திடீர் மரணத்தை விளைக்கும் பரம்பரை நோய்கள் இவ்வகையின. இவற்றை மனிதன் அறிந்த வரலாறு, பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே கூறப்படும். அது பாதி உண்மையே. கருவி விடை பகர்வதற்கு முன்னர்க் குடும்பமொன்று வினாவை எழுப்பியது என்பதும், அவ்வினாவை மறந்து கருவியை மட்டும் நம்பியவிடத்துப் பிழை நேர்ந்தது என்பதும் அவ்வரலாற்றின் மறுபாதியாம்.

இதயத்தின் மின்னோட்டத்தை மனிதவுடலின் மேற்புறத்தினின்று முதன்முதற் பதிவு செய்தவர் இலண்டனில் வாழ்ந்த அகஸ்டஸ் வாலர் ஆவர், ஆண்டு 1887. அம்முறையைத் திருத்தமுடைய கருவியாக்கியவர் ஒல்லாந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். இவருக்கு 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று இ.சி.ஜி. என நாம் அனைவரும் அறிந்த வரைபு இதுவே. துடிப்பின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் இதன்கண் அலைகளாகத் தோன்றும்.

1957ஆம் ஆண்டில், நோர்வே நாட்டு வைத்தியர்களாகிய யெர்வெல், லாங்கே-நீல்சன் என்னும் இருவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். பெற்றோர் நலமுடையவர், மக்கள் அறுவர். அவருள் நால்வர் பிறவிச் செவிடர். அந்நால்வருள் மூவர் சிறுவயதிலேயே திடீரென மாண்டனர். ஒவ்வொரு துடிப்பின் பின்னரும் இதயம் மின்னிலையில் அமைதியுறுதற்குக் கொள்ளும் காலம் இவர்களுக்கு நீண்டிருந்ததை வரைபு காட்டிற்று. செவிட்டுத்தன்மைக்கும் இதயத்துக்கும் தொடர்பு யாது? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர் விடை கிடைத்தது. பொற்றாசிய அயன்கள் செல்லும் ஒரே வகை வாயில் உட்செவிக்கும் இதயத் தசைக்கும் பொதுவாயுள்ளது. அதனை ஆக்கும் மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்று வரின் இரண்டும் கெடும்.

இவ்வாறே, கிரேக்க நாட்டு நக்சோஸ் தீவில் மருத்துவம் புரிந்த புரோட்டோநொத்தாரியோஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், சில குடும்பங்களிற் கம்பளி போன்ற சுருண்ட மயிரும், தடித்த உள்ளங்கை உள்ளங்கால்களும், துடிப்புக் கோளாறும் சேர்ந்தே வருதலை 1986இல் அறிவித்தனர். உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதமொன்றின் மரபணுவே காரணமென 2000இல் தெளிவாயிற்று. ஊராரின் கைகளையும் கால்களையும் உற்றுநோக்கிய தீவு வைத்தியர், நுண்ணிய ஆய்வுகூடங்களுக்கு வழி காட்டினார் என்க.

இனி, எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமுறையை நோக்குவாம். வலிய காந்தப் புலத்தினுள் ஐதரசன் அணுக்கருக்கள் வானொலி அலைகளுக்கு விடையிறுக்கும் இயல்பை 1946இல் புளொக், பேர்செல் ஆகியோர் தனித்தனியே வெளியிட்டனர். அவ்விடையினின்று படத்தை ஆக்கும் வழியை 1973இல் லோட்டர்பர் காட்டினார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபெல் பரிசு பெற்றனர். இதயமோ ஒரு கணமும் ஓயாதது. அசையும் பொருளின் படம் மங்குமன்றோ? ஆதலின் துடிப்பின் குறித்த கட்டத்தோடு படமெடுப்பை இணைத்தற்கு ஐந்தோவனின் பழைய வரைபே துணையாயிற்று. கடோலினியம் சேர்ந்த மருந்தை நாளத்திற் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் படமெடுப்பின், தசையிலுள்ள வடு வெண்மையாய் ஒளிரும். அவ்வடுவைச் சுற்றி மின்னோட்டம் சுழல்வதாற் கொடிய துடிப்புக் கோளாறுகள் எழலாம். முன்னே கூறிய நோர்வேக் குடும்பத்தின் நோயிலோ இதயத்தின் அமைப்பு மாறுவதில்லை. எனவே படத்திற் குறை தோன்றாமை நோயின்மைக்குச் சான்றாகாது.

புதிய கருவி புதிய பிழையையும் கொணர்ந்தது. வலது இதயவறையின் தசை அழிந்து கொழுப்பும் நாரும் நிரம்பும் நோயொன்று உண்டு. படத்திற் சிறிது கொழுப்புத் தோன்றிய மாத்திரத்தே பலருக்கு அந்நோய் உண்டெனத் தீர்க்கப்பட்டது. நலமுடையோரிடத்தும் அங்கே கொழுப்பு இருத்தல் கூடும். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வாறு நோயாளரெனக் கருதப்பட்டோரை மீண்டும் சோதித்தபோது, பெரும்பான்மையோருக்கு நோயின் வரையறை பொருந்தவில்லை. 2010இல் திருத்தப்பட்ட வரையறை, படத்திற் காணும் கொழுப்பை ஓர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. குடும்ப வரலாற்றையோ கைவிடவில்லை.

இதனை ஒத்ததொன்று நம்மவரிடத்தும் நிகழ்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணியும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இதயத்தசைப் புரதமொன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் குறைந்திருத்தல் தென்னாசியரில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வரிடம் உண்டெனவும், அஃது இதயத்தசை நோய்க்கு ஏதுவாகுமெனவும் கூறப்பட்டது. இலங்கையரிடத்தும் அது காணப்பட்டது. கோடிக்கணக்கானோர் மீது விழுந்த தீர்ப்புப் போன்றது அச்செய்தி. 2020இல் வெளியான மறுஆய்வோ, அக்குறைவுடையோருட் சிலரிடம் அதனுடன் சேர்ந்துவரும் வேறொரு மாற்றமே தசைத் தடிப்பு நோய்க்குப் பெரிதும் பொறுப்பென உணர்த்திற்று. முன்னையோர் உழைப்பு வீணன்று. அதுவே பின்னையோர் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. ஆயினும் எழுத்துக் குறைந்தோரெல்லாம் நோயாளர் அல்லர் என்பது இன்று தெளிவு.

இவ்வரலாறு பாலமுனை முதலாய கீழ்க்கரை ஊர்களுக்கு யாது கற்பிக்கும்? இப்பகுதி முஸ்லிம்களிடத்தும் அயலிலுள்ள தமிழர்களிடத்தும் குடி என்பது தாய்வழி வருவது. ஒரே குடியினர் தம்முள் மணஞ் செய்யார். மாமன் மகளையோ மாமி மகளையோ கொள்ளுதல் வழக்கம். தாயின் குடியை ஊர் மறவாது நினைவிற் கொள்ளும். மரபணுவோ குடியின் எல்லையை அறியாது; தந்தைவழியும் வரும். மச்சானும் மச்சாளும் வெவ்வேறு குடியினராயினும் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளே. ஆதலின் குடிவழக்கு இந்நோய்களுக்கு அரணாகாது. நீந்துகையில் மாண்ட இளைஞன், காரணமின்றி மயங்கி விழுந்த சிறுமி, பிறவிச் செவிடாய் இறந்த பிள்ளை ஆகியோரை இருபுறத்தும் நினைவுகூர்ந்து வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும்.

இங்கு ஓர் அச்சம் தடையாகும். “அந்தக் குடும்பத்தில் நெஞ்சு நோய்” என்ற பேச்சுக் கிளம்பின் குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் தடைப்படுமென முதியோர் வாய் மூடுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் மௌனம் நோயைத் தடுப்பதில்லை. தக்க மருந்தாலும் கருவியாலும் காக்கப்படக்கூடிய உடன்பிறப்பையே அது இழக்கச் செய்யும். மரபணுவிற் காணும் மாற்றம் யாவும் நோயன்று என்னும் உண்மையை ஊரார்க்கு எடுத்துரைப்பின் அவ்வச்சமும் தணியும். அலையை வரைபு காட்டும். வடுவைக் காந்தப் படம் காட்டும். எழுத்தை மரபணு காட்டும். இம்மூன்றையும் யாரிடத்துத் தேடுவது என்பதைக் காட்டுவது குடும்பத்தின் நினைவே. அந்நினைவை அஞ்சாது சொல்லவும், கேட்டதைப் பழியாக்காது காக்கவும் பழகுதல் கற்றோர் கடனாகும்.