காந்தி கொலைச் செய்தி அறிவிப்பு (1948)

1948 ஜனவரி 30 அன்று மாலை, புது தில்லி பிர்லா மாளிகையில் வழிபாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த மகாத்மா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி மக்களுக்கு அறிவிக்கப்பட்ட விதம், நெருக்கடி வேளையில் பொறுப்புடன் பேசுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரங்களில் லட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர். தில்லியில் அகதிகள் நிரம்பியிருந்தனர். மத நல்லிணக்கம் வேண்டி 1948 ஜனவரி 13 முதல் 18 வரை காந்தி அங்கு உண்ணாநோன்பு இருந்தார். அவரைக் கொன்றவர் முஸ்லிம் என்ற வதந்தி பரவினால் மீண்டும் பெருங்கலவரம் மூளக்கூடிய நிலை இருந்தது.

அறிவிப்பு

பிர்லா மாளிகைக்கு விரைந்த கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டனின் காதில், கொலையாளி ஒரு முஸ்லிம் என்ற கூச்சல் விழுந்தது. அவர் உடனே அதை மறுத்து, கொன்றவர் ஓர் இந்து என்றார். அப்போது அவருக்கே அது உறுதியாகத் தெரியாது. கொலையாளியான நாதுராம் கோட்சே இந்து என்பது பின்னர் உறுதியாயிற்று. அன்று மாலை அகில இந்திய வானொலி, கொலையாளி ஓர் இந்து என்பதைச் செய்தியிலேயே தெளிவாகக் கூறியது. இதனால் வதந்திக்கு இடமில்லாமல் போயிற்று.

அன்றிரவு பிரதமர் நேருவும் துணைப் பிரதமர் வல்லபாய் படேலும் வானொலியில் பேசினர். நேரு தம் துயரத்தை மறைக்கவில்லை. கொலையாளியைப் பித்துப்பிடித்தவர் என்று மட்டுமே குறிப்பிட்டார். எந்தச் சமூகத்தின் மீதும் பழி சுமத்தவில்லை. மறுநாள் இறுதி ஊர்வலம் செல்லும் வழியையும் விளக்கினார். பிர்லா மாளிகையில் கூடாமல் வழிநெடுகிலும் அமைதியாக நிற்குமாறு தில்லி மக்களைக் கேட்டுக்கொண்டார். மற்ற ஊரினர் நோன்பிருந்து, மாலை 4 மணிக்கு ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ வழிபடலாம் என்றார். இவ்வாறு மக்களின் துயரம் வெறியாக மாறாதிருக்க ஒரு வழி காட்டப்பட்டது. பழிவாங்கும் எண்ணம் கூடாது என்று படேல் வேண்டினார்.

விளைவு

அஞ்சிய அளவில் இந்து-முஸ்லிம் கலவரம் மூளவில்லை. ஆயினும் கோட்சே சித்பவன் பிராமணர் என்பது தெரிந்ததும், இன்றைய மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, சாங்லி, கோலாப்பூர் முதலிய பகுதிகளில் பிராமணர்கள் தாக்கப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. குற்றத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின.

உறுதியான உண்மையை விரைந்து சொல்வது வதந்தியைத் தடுக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஒருவர் செய்த குற்றத்துக்கு அவருடைய சமூகம் பொறுப்பாகாது என்பதையும் அதனுடன் சேர்த்து, எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது என்பதே இதன் மற்றொரு பாடம்.