தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். இது மருத்துவ ஆலோசனைப் பதிவு இல்லை, கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு. நீளமான பதிவு வேற. ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க :-)

கிராமத்துல வளர்ந்தவங்க எல்லாரும் இந்த மிரட்டலைக் கேட்டிருப்பீங்க. "நாய் வாலைப் பிடிச்சு இழுக்காதடா, கடிச்சா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி!" பூச்சாண்டிக்கு அடுத்தபடியா நான் பயந்தது இந்தப் பதினாலு ஊசிக்குத்தான். பிற்பாடு விவரம் தெரிஞ்சதும், இதுவும் சின்னப் பசங்களைப் பயமுறுத்தக் கட்டிவிட்ட கதைன்னே நினைச்சுட்டேன். அப்படி நினைச்சதுக்கு 2021ல எனக்கு ஒரு கொட்டு விழுந்தது. கொட்டினது எங்க பெரியப்பா.

பெரியப்பாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். நடக்கும்போது செருப்பு தரையில 'சர்ர்'னு தேயும். அந்தச் சத்தத்தை வெச்சே வர்றது அவர்தான்னு கண்டுபிடிச்சுடுவோம். காரணம் கேட்டா வீட்டுல ரெண்டு கதை உண்டு. பாட்டி சொல்றது: "பன்னண்டு வயசுல நாய் கடிச்சுது, விஷம் கால்ல எறங்கிடுச்சு." பெரியப்பா சொல்றது: "நாய் ஒண்ணும் பண்ணலை. ஊசிதான் பண்ணுச்சு." 1971ல நடந்தது. தினம் ஒண்ணுன்னு வயித்துல ஊசி. தாத்தா சைக்கிள்ல உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாராம். பதினோராவது ஊசி போட்ட மறுநாள் காலையில எழுந்திருக்கப் பார்த்தா இடுப்புக்குக் கீழ ரெண்டு காலும் இல்லாத மாதிரி இருந்துச்சாம். ஒண்ணுக்குப் போக முடியலை. மூணு மாசம் படுக்கை. வலது கால் முழுசா திரும்பி வந்துச்சு, இடது கால் முக்கால்வாசிதான் வந்துச்சு. கடிச்ச நாய் அன்னிக்கே எங்கேயோ ஓடிப்போனதால, அதுக்கு வெறி இருந்ததா இல்லையான்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இப்போ 2021க்கு வருவோம். கொரோனா ரெண்டாவது அலை. பெரியப்பாவுக்கு அறுபத்திரண்டு வயசு, சர்க்கரை வேற. மார்ச் மாசத்துல இருந்தே அறுபது தாண்டினவங்களுக்கு ஊசி போட ஆரம்பிச்சாச்சு. இவர் மட்டும் அசையலை. ஏப்ரல் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கிட்ட நடிகர் விவேக்குக்கு மறுநாள் மாரடைப்பு வந்து 17ஆம் தேதி காலமானார். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லைன்னு அரசாங்கத்தோட நிபுணர் குழு ஆராய்ஞ்சு சொன்னது உண்மை. ஆனா அது வெளிவந்தது அந்த வருஷம் அக்டோபர்லதான். அதுக்குள்ள எங்க ஊர்ப் பக்கம் ஊசி போடுற இடம் காத்து வாங்க ஆரம்பிச்சுடுச்சு.

நான் போன் பண்ணி ஆரம்பிச்சேன். சதவீதம், கிராஃப், அது இதுன்னு பொளந்து கட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, எனக்கு ஊசி என்ன பண்ணும்னு தெரியும்"னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பெரியப்பா, படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க. ஊசியால கால் வராம போகுமா? வாட்ஸப்புல வர்றதை எல்லாம் நம்பாதீங்க"ன்னேன். போன் கட்டாயிடுச்சு. வாட்ஸப் வர்றதுக்கு முப்பத்தஞ்சு நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே அந்தக் கால் போயிடுச்சுங்கறது எனக்கு அப்போ உறைக்கலை.

அன்னிக்கு ராத்திரி, அவரைத் தோக்கடிக்க ஆதாரம் தேடலாம்னு உக்காந்தேன். கிடைச்சதெல்லாம் அவர் பக்கத்து ஆதாரம்.

1885, ஜூலை 6. பாரிஸ். ஜோசப் மைஸ்டர்னு ஒன்பது வயசுப் பையன், வெறிநாய் கடிச்சுக் குதறின காயங்களோட லூயி பாஸ்டர்கிட்ட வந்தான். பாஸ்டர் ஒரு வேதியியல்காரர், வைத்தியம் பார்க்க உரிமம் கிடையாது. அதனால கிராஞ்சேங்கற டாக்டர்தான் ஊசி போட்டார். மருந்து என்ன தெரியுமா? வெறிநோய் கண்ட முயலோட தண்டுவடத்தைக் காய வெச்சு எடுத்தது. ரொம்ப நாள் காய்ஞ்சு வீரியம் போனதுல ஆரம்பிச்சு, தினம் கொஞ்சம் கொஞ்சமா வீரியம் கூட்டி, பதிமூணு ஊசி. பையன் பிழைச்சான். நாய்க்கடிக்கு ஊசின்னா பல ஊசிங்கற வழக்கம் அங்கேருந்துதான் தொடங்குது.

வெறிநோயோட குணம் அப்படி. கடிச்ச இடத்துல இருந்து வைரஸ் நரம்பு வழியா மெதுவா மூளைக்குப் போகும். போய்ச் சேர வாரக்கணக்கு, சமயத்துல மாசக்கணக்கு ஆகும். அது சேர்றதுக்குள்ள நம்ம உடம்பு எதிர்ப்பைத் தயார் பண்ணியாகணும். அறிகுறி தெரிஞ்சுட்டா அனேகமா முடிஞ்ச கதை. கடி வாங்கினதுக்கு அப்புறம் ஊசி போட்டும் தப்பிக்க முடியறது இந்த ஓட்டப் பந்தயத்தாலதான்.

இந்தியாவுல முதல்ல 1900ல இமயமலை அடிவாரத்துல கசௌலியில பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வந்தது. தெற்கே கடி வாங்கினா அவ்வளவு தூரம் ரயில்ல போகணும். 1902ல நம்ம பக்கத்துல லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ்ங்கற இளம்பெண் வெறிநாய்க்கடிக்கு நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காம இறந்துபோனாங்க. அதுக்கப்புறம், ஹென்றி ஃபிப்ஸ்ங்கற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த நன்கொடை உதவியோட 1907ல குன்னூர்ல ஒரு இன்ஸ்டிடியூட் திறந்தாங்க. ஊட்டி போற வழியில சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்துல இன்னிக்கும் அது இருக்கு. நானே ரெண்டு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், இப்படி ஒரு கதை இருக்குன்னு தெரியாம.

அடுத்த ஆள்தான் நம்ம கதைக்கு முக்கியம். டேவிட் செம்பிள், கசௌலியில வேலை பார்த்த ராணுவ டாக்டர். 1911ல ஒரு மாத்தம் கொண்டு வந்தார். வெறிநோய் கண்ட மிருகத்தோட மூளையை அரைச்சு, கார்பாலிக் அமிலம் சேர்த்து வைரஸைக் கொன்னு, அதை ஊசியா போடுறது. இதுல பெரிய நன்மை என்னன்னா, மருந்தைப் பாட்டில்ல அடைச்சு ஊர் ஊரா அனுப்பலாம். நோயாளி மலையேற வேண்டாம், மருந்தே மலையிறங்கி வரும். பிற்காலத்துல ஆட்டு மூளையில தயாரிச்சாங்க. ஒரு தடவைக்குச் சில மில்லி போடணும். அவ்வளவு மருந்தைத் தோலுக்கடியில தினமும் இடம் மாத்தி மாத்திப் போட வயிறுதான் வசதி. தொப்புளைச் சுத்திங்கறது அதனாலதான். கடி கடுமையா இருந்தா பதினாலோட விட மாட்டாங்க, அதுக்கப்புறம் பூஸ்டரும் உண்டு.

வைரஸ் செத்துடுச்சு. ஆனா பாட்டில்ல வைரஸ் மட்டுமா இருக்கு? மூளையும் இருக்கே. சிக்கல் அங்கதான்.

நம்ம நரம்பு மேல மயலின்னு ஒரு உறை இருக்கு. கரண்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் சுத்தின மாதிரி. ஆட்டு மூளையிலயும் அதே சரக்கு நிறைய. பதினாலு நாள் தொடர்ந்து அதை உடம்புக்குள்ள ஏத்தினா, நம்ம எதிர்ப்பு சக்தி வைரஸோட சேர்த்து மயலினையும் எதிரின்னு குறிச்சு வெச்சுக்கும். நம்ம பாஷையில சொன்னா, ஆன்டிவைரஸ் மென்பொருள் வைரஸ்னு நினைச்சு சிஸ்டம் ஃபைலையே தூக்கிக் கடாசற கேஸ். எல்லாருக்கும் இது நடக்காது. சில இடங்கள்ல எடுத்த கணக்குல சில நூறு பேருக்கு ஒருத்தர், வேற இடங்கள்ல சில ஆயிரம் பேருக்கு ஒருத்தர். பெரும்பாலும் ஊசி ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு வாரத்துல தெரியும். கால் விழும், சிறுநீர் கட்டும். சிலர் தேறுவாங்க, சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிக்கும், சிலர் இறந்தும் போயிருக்காங்க.

பதினோராவது ஊசி. மறுநாள் காலை. ரெண்டு கால். ஒண்ணுக்கு. நான் கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

இதை யாரும் மூடி மறைக்கவும் இல்லைங்கறது இன்னொரு ஆச்சரியம். பாஸ்டர் காலத்துக்குக் கொஞ்ச நாள்லயே இந்தப் பக்கவாதம் பதிவாக ஆரம்பிச்சுடுச்சு. 1930கள்ல நியூயார்க்குல ராக்ஃபெல்லர் ஆய்வகத்துல தாமஸ் ரிவர்ஸ்ங்கறவர், வைரஸ் எதுவும் இல்லாத வெறும் முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். சில குரங்குகளுக்குக் கை கால் விழுந்துச்சு. குத்தவாளி வைரஸ் இல்லை, மூளைத் திசுதான்னு அதுல தெரிஞ்சது. அந்தப் பரிசோதனையோட வாரிசுகளை வெச்சுத்தான் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயை இன்னிக்கும் ஆராயறாங்க.

"தெரிஞ்சும் ஏன் போட்டாங்க?" நானும் அதைத்தான் கேட்டேன். தராசோட மறுபக்கத்துல இருக்கிறது வெறிநோய், வந்தா மரணம். வேற மருந்தும் கிடையாது. 1971ல எங்க தாத்தாவுக்கு முன்னாடி இருந்தது இந்த ரெண்டே வழி. நானா இருந்தாலும் சைக்கிளை எடுத்திருப்பேன்.

ஆனா எனக்குக் கோபம் வர்றது அதுக்கு அப்புறம் நடந்ததுல. மூளையே இல்லாம, ஆய்வகத்துல வளர்த்த செல்கள்ல வைரஸை வளர்த்துத் தடுப்பூசி தயாரிக்கற வித்தையை அமெரிக்காவுல விஸ்டார் இன்ஸ்டிடியூட்ல கொப்ரொவ்ஸ்கி குழு 1960கள்ல உருவாக்கிட்டாங்க. 1975-76ல ஈரான்ல, வெறி பிடிச்ச ஓநாயும் நாயும் கடிச்ச 45 பேருக்கு அதைப் போட்டாங்க. 45 பேரும் பிழைச்சாங்க. ஆறே ஊசி. இந்தியாவுலயும் 1980கள்ல செல் தடுப்பூசி வந்துடுச்சு, காசு இருக்கிறவங்களுக்கு. இல்லாதவங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசமா ஆட்டு மூளைதான். இந்தியா அதைத் தயாரிக்கறதை நிறுத்தினது 2004 டிசம்பர்ல. ஈரான் சோதனைக்கு அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம்! விலை, உற்பத்தி, மக்கள் தொகைன்னு காரணங்கள் சொல்லலாம், அதெல்லாம் பொய்யும் இல்லை. ஆனா அந்த முப்பது வருஷத்துல எத்தனை 'சர்ர்' செருப்புச் சத்தம்?

மறுநாள் பெரியப்பாவுக்குப் போன் பண்ணேன். "பெரியப்பா, நீங்க சொன்னது சரி. ஊசிதான் பண்ணிருக்கு. நான் பேசினது தப்பு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்பது வருஷத்துல ஒருத்தன்கூட அப்படிச் சொன்னதில்லைடா"ன்னார்.

அதுக்கப்புறம்தான் பேச முடிஞ்சது. செம்பிள் கதை முழுக்கச் சொன்னேன். கொரோனா ஊசியில மூளைத் திசு எதுவும் இல்லைன்னேன். கோவிஷீல்டுல ரொம்ப அபூர்வமா ரத்தம் உறையற பிரச்சனை வெளிநாட்டுல தெரிய வந்திருக்குங்கறதையும் மறைக்கலை. உங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் கொரோனாதான் அதைவிடப் பெரிய ஆபத்துன்னும் சொன்னேன். "யோசிக்கறேன்"னார். ஜூன் மாசம் அவரே போய் வரிசையில நின்னு போட்டுக்கிட்டார். ஒரு நாள் காய்ச்சல், கை வலி. மறுநாள் காலையில எழுந்ததும் முதல் வேலையா ரெண்டு காலையும் ஆட்டிப் பார்த்தேன்னு சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை. 2022ல பூஸ்டர் வந்தப்போ யாரும் சொல்லாமலேயே போட்டுட்டு வந்து போன் பண்ணார்.

இன்னும் ஒண்ணு இருக்கு. 2006ல, எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, தெரு நாய் ஒண்ணு கெண்டைக்காலைக் கவ்விடுச்சு. ரத்தம் வரலை, பல்லு பட்ட தடம்தான். டி.வி.எஸ். 50ல உக்கார வெச்சு டவுனுக்குக் கூட்டிட்டுப் போனது பெரியப்பாதான். நர்ஸம்மாகிட்ட "வயித்துலயா? வயித்துலயா?"ன்னு அஞ்சு தடவையாவது கேட்டிருப்பார். கையிலதான்னு அவங்க எரிஞ்சு விழுந்தாங்க. 0, 3, 7, 14, 28 நாள்கணக்குல அஞ்சு ஊசி. அஞ்சு தடவையும் லீவு போட்டு வந்தார். ஒவ்வொரு ஊசிக்கு மறுநாள் காலையிலயும் எங்க வீட்டுக்கு வந்து, "எங்க, ஓடு பார்ப்போம்"னு வாசல்ல ஓட விடுவார். விளையாட்டு காட்டுறார்னு நினைச்சு நானும் ஓடினேன்.

2023ல சென்னையில ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது மறுபடி ஒரு கடி. ஏற்கனவே முழுசா போட்டிருந்தா ரெண்டே பூஸ்டர் போதும், இன்னிக்கு ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணு, ஆனா சீட்டு இருக்கான்னு டாக்டர் கேட்டார். பழைய செல் தடுப்பூசியை உடம்பு அத்தனை வருஷம் ஞாபகம் வெச்சிருக்குமாம். பதினேழு வருஷத்துக்கு முந்தின சீட்டுக்கு நான் எங்க போக? சந்தேகமா வீட்டுக்குப் போன் பண்ணேன். பத்து நிமிஷத்துல பெரியப்பா போட்டோ எடுத்து அனுப்பிட்டார். மஞ்சளாகிப் போன சீட்டு, அஞ்சு தேதி, அஞ்சு கையெழுத்து. டிரங்குப் பெட்டியில பத்திரப்பத்திரத்தோட வெச்சிருந்திருக்கார்.

டாக்டர்கிட்ட அப்படியே இன்னொன்னும் கேட்டேன். பெரியப்பாவை இப்போ நாய் கடிச்சா? அந்தப் பதினோரு ஊசியும் கணக்குல சேராதாம். முதல்ல இருந்து முழுசா போடணுமாம்.

அதை அவர்கிட்ட இன்னும் சொல்லலை மக்களே. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க வீட்டுலயும் பதினாலு ஊசிக்காரங்க யாராவது இருந்தா, அவங்க கதையை ஒரு தடவை உக்காந்து கேளுங்க. பின்னூட்டத்துலயும் சொல்லுங்க.